ஏழடிக்கு நாலு விரல் குறைவு

அக்காவின் சைக்கிளில் முன்சக்கரக் கம்பி ஒன்றில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். சொந்த அக்கா இல்லை, ஊருக்கே அக்கா. எங்கள் டவுண் பஞ்சாயத்தில் ஓவர்சியர் உத்தியோகம், ஐம்பதைத் தொட்ட பிறகும் வளையாத முதுகு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏற்றத்திலும் இறங்காமல் மிதிக்கிற மிதி. கண் வைக்க ஆளுக்கா பஞ்சம்?

ஒரு நாள் எதிரே வந்தார். "அக்கா, சொகந்தானா?" என்று கேட்டேன். "நானூத்திப் பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ரப்பர் பால் வெட்டப் போனவன். படித்தவர்கள் ஒரு எண்ணைச் சொன்னால் அது என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும், அதுவும் நல்லதாக இருக்காது என்று தோன்றும். வீட்டுக்கு நோட்டீஸ் ஏதாவது வரப்போகிறதா, வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறோமா என்று மரத்துக்கு மரம் யோசித்துக்கொண்டே நடந்தேன். என் மனைவி அஜிதா இதற்கு வைத்திருக்கிற பெயர் வெப்ராளம். "உங்களுக்கு வெப்ராளப்படதுக்குக் காரியம் ஒண்ணும் வேண்டாம், நேரம் இருந்தாப் போதும்" என்பாள்.

மறுநாள் அக்காவே நிறுத்தி விளக்கினார். அந்தத் துணி ஒரு தடவை மேலே வந்தால் சக்கரம் ஒரு சுற்று. ஒரு சுற்று ஏழடிக்கு நாலு விரல் குறைவு. நாடா பிடிக்க வேண்டிய ஆள் பாதி நாள் லீவு என்பதால் ரோட்டைச் சைக்கிளாலேயே அளந்துவிடுவார். நான் கேட்ட நேரம் நானூற்றுப் பன்னிரண்டாவது சுற்று. பதில் சொன்னால் எண்ணிக்கை தவறும், சொல்லாமல் போனால் நான் சங்கடப்படுவேன், அதனால் வாயில் இருந்ததையே சொல்லிவிட்டாராம். என் சங்கடத்தை அவர் கணக்கில் எடுத்தது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. யாரும் எடுப்பதில்லை.

எதையும் அவர் அந்தச் சக்கரத்தால் அளந்துதான் முடிவு செய்வார். எங்களுக்கு நாலு வீடு தள்ளி, பாசனச் சானல்கரையை ஒட்டி ஒற்றையறை வீட்டை வாடகைக்கு எடுத்ததும் அப்படித்தான். ஆபீஸுக்கு அறுநூற்றுப் பத்து, சந்தைக்கு முந்நூற்று எண்பது, ஞாயிற்றுக்கிழமை போகிற சபைக்கு எழுநூறு, ஆஸ்பத்திரிக்குத் தொள்ளாயிரம். "எல்லாம் ஆயிரத்துக்கு உள்ள கெடக்கு மக்கா. இதுக்கு மேல ஒரு வண்டிய வாங்கி நான் எங்க போவேன்?" என்பார்.

சைக்கிளில் வராத சாமான் அவர் வீட்டுக்குள் வராது. நாகர்கோவிலில் இருந்த அவருடைய அண்ணன் ஒரு இரும்பு அலமாரியை வேனில் ஏற்றி அனுப்பினார். அக்கா டிரைவருக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, அலமாரியை இறக்கவிடாமல் அதே வேனில் திருப்பி அனுப்பிவிட்டார். அது வந்தால் அதற்குள் வைப்பதற்கு இனி சாமான் தேட வேண்டும் என்பது அவர் நியாயம். இன்னொரு தடவை அருமனைப் பக்கம் யாரோ கொடுத்தது என்று ஒரு பெரிய பலாச்சக்கையைக் கேரியரில் ரப்பர் டியூபால் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுப் பக்கத்து இறக்கத்தில் டியூப் அறுந்தது. சக்கை உருண்டு சானலில் விழுந்து மிதந்து போக, அக்கா கரைமேல் சைக்கிளில் கூடவே போனார். மதகில் தட்டி நின்றதும் சேலையோடு இறங்கிப் பிடித்துக்கொண்டு வந்து ஆறு வீட்டுக்குப் பங்கு வைத்தார். சுளையைத் தின்னும்போது அஜிதா, அது எவ்வளவு தூரம் போனது என்று கிண்டலாகக் கேட்டாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே, "நூத்தி நாப்பது சுத்து" என்றார். அவசரத்திலும் எண்ணியிருக்கிறார்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் எங்கள் ஊரை வரைந்து வைத்திருந்தார். நான் பார்த்த படங்களில் எல்லாம் மெயின் ரோடுதான் தடியாக இருக்கும். இதில் அது நூல் மாதிரி கிடந்தது. சானல்கரைதான் தடித்த கோடு. அதிலிருந்து சந்தைக்கு ஒரு கிளை, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு ஒன்று, பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சின்னக் கட்டம், சைக்கிள் நிறுத்தக் கூரை போட்ட கொட்டகை. மெயின் ரோட்டைத் தாண்டவேண்டிய ஒரே இடத்தில் ரோட்டை ஒரு சாண் உயர்த்தியிருந்தார். அங்கே வந்தால் எந்த வண்டிக்காரனும் பிரேக்கில் கால் வைத்தே ஆகவேண்டும்.

அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு இறங்கியது. கல் ஏற்றிய டிப்பர்கள் போகிற அந்த முக்கில் நான் பல வருஷமாகச் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் மூன்று தடவை பார்த்து, உருட்டிக்கொண்டு ஓடித்தான் தாண்டுவேன்.

அக்கா தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல கரை. அது நல்லா ஓடிச்சுன்னா மிச்சத்தையெல்லாம் தைரியமாக் கேக்கலாம். அது கெட்டுதுன்னா இது வெறும் காலண்டராக்கும்."

கரைமேல் எட்டடி அகலத்துக்குக் காங்கிரீட் போடவைத்தார். காரோ டெம்போவோ நுழையாமல் இரண்டு முனையிலும் மும்மூன்று குத்துக்கல் நடுவது என்று திட்டம். அதற்கு வார்டுக் கூட்டம் கூடியபோது நான் எழுந்து, ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அஜிதாவுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் நெஞ்சு அடைக்கும். கேட்டுவிட்டு உட்கார்ந்தவன் மறுபடி எழுந்து அதையே கேட்டேன். கூட்டம் முடிந்து வாசலில் வைத்தும் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்தார். மூன்றில் நடுவில் வருகிற கல்லுக்குப் பதிலாக இரும்புக் குழாய். தரையில் பதித்த குழிக்குள் இறங்கி நிற்கும், பூட்டைத் திறந்தால் கையால் உருவி எடுத்துவிடலாம். இரண்டு முனைக்கும் ஒரே சாவி. அதை என் கையில் வைத்தார்.

"இது உனக்க வெப்ராளத்துல இருந்து வந்ததாக்கும். அதனால தாக்கோலும் உனக்க கையில இருக்கட்டும்."

என்னை நம்பி யாரும் அதற்கு முன் ஒரு சாவியைத் தந்ததில்லை. நான் அதைச் சுவாமி படத்துக்குப் பின்னால் மாட்டினேன். படுக்குமுன் தொட்டுப் பார்ப்பேன்.

இரண்டு வருஷம் கரை நன்றாக ஓடியது. அந்த இரண்டு வருஷத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது, நடந்ததைச் சொல்கிறேன். தவணையில் பைக் எடுக்கலாம் என்று வைத்திருந்த யோசனையைக் கைவிட்டேன். அஜிதா முப்பத்து மூன்று வயதில் சைக்கிள் பழகினாள். அக்கா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட, எங்கள் மகள் முன்னால் நின்று தாய்க்கு வழி சொல்ல, அஜிதா இரண்டு தடவை வாழைக்குள் போய் விழுந்தாள். அடுத்த மாதம் சந்தைக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வந்தாள். "நடந்தாத்தான் இழுக்குது, இதுல இழுக்கல்ல" என்றாள். மகள் சிநேகிதிகளோடு பேசிக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள். எனக்கு அவள் போய்ச் சேர்ந்தாளா என்று பதினொரு மணிக்கு ஒரு பதற்றம் வரும், அது அந்த நாட்களில் வரவில்லை. காலை ஆறு முதல் ஒன்பது வரை கரைமேல் போகிற சைக்கிள்களை அக்கா தன் அடுக்களை ஜன்னலில் நின்று எண்ணுவார். ஒரு நாள் என்னைப் பார்த்ததும் "நூத்தி முப்பத்தொண்ணு" என்றார். எனக்குப் புரிந்தது. நானும் சிரித்தேன்.

ஆனி மாதத்து மழையில் ஒரு சாயங்காலம் அஜிதாவுக்கு இழுப்பு கூடியது. நான் போன் செய்ய, ஆட்டோ கரைமுனைக்கு வந்துவிட்டது. சாவி திரும்பவில்லை. பூட்டு துரு. கையில் மழை, கண்ணில் மழை, சாவி வழுக்குகிறது. ஆட்டோக்காரன் இறங்கி வந்து ஒரு கல்லால் தட்ட, திறந்தது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிறகு அவனிடம் கேட்டேன். நாலு நிமிஷம் இருக்கும் என்றான். அஜிதா ஆஸ்பத்திரியில் ஆவி பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தாள். அவளுக்கு அந்த நாலு நிமிஷம் அன்றே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

தினமும் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். பிறகு, பூட்டாமல் சும்மா மாட்டி வைத்தேன். பிறகு, மாட்டியிருப்பதை இருட்டில் யாராவது பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து குழாயையே உருவினேன். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யார் கண்டது? மறுமுனையில் இருந்ததையும் உருவினேன். இரண்டையும் தோளில் சுமந்து வந்து எங்கள் வேலியோரப் புல்லில் போட்டேன். மழை முடிகிற வரைக்கும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா அப்போது ஊரில் இல்லை. அண்ணிக்கு ஆபரேஷன் என்று ஒன்றரை மாதம் லீவு போட்டு நாகர்கோவிலில் இருந்தார்.

முதலில் வந்தது எங்கள் பக்கத்து வீட்டு ஜெயனின் கார். குவைத்திலிருந்து வந்து வாங்கியது. அவன் கெட்டவன் இல்லை. "அண்ணே, பைப்பு எடுத்துதானே கெடக்கு. அம்மைக்கு மூட்டுவலி, வண்டி வாசல் வரைக்கும் வந்தாக் கொள்ளாம்" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டான். நான் தலையை ஆட்டினேன். பிறகு ஒரு கல்யாண வண்டி. பிறகு செங்கல் ஏற்றிய டெம்போ. பிறகு ஒரு சனிக்கிழமை வெளியூர் கார்கள் வரிசையாக வந்தன. ஒருவன் கண்ணாடியை இறக்கி, திற்பரப்பு அருவிக்கு இதுதானே வழி என்று என்னிடம் கேட்டான். போன் இப்படித்தான் காட்டுகிறதாம். மெயின் ரோட்டை விட ஏழு நிமிஷம் மிச்சம். அன்று மட்டும் முப்பது வண்டி போயிருக்கும். குளித்துவிட்டு ஈரத்துணியைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு பாட்டுப் போட்டபடி திரும்பி வந்தன. சக்கரம் இறங்குகிறது என்று ஜெயன் இரண்டு குழியையும் சிமெண்டால் அடைத்தான்.

அக்கா நாளைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் நான் இரண்டு குழாயையும் தூக்கி ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகைக்குள் போட்டுச் சாக்கால் மூடினேன். சர்க்கார் சாமான், கேஸ் ஆகுமோ என்று வேறு ஒரு பயம்.

அவர் கரைமுனையில் சைக்கிளை விட்டு இறங்கி, சிமெண்ட் அடைத்த இடத்தைச் செருப்பால் தடவிப் பார்த்ததை நான் வேலிக்குள் நின்று பார்த்தேன். உருட்டிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாக்கோல் இருக்கா மக்கா?"

"இருக்கு அக்கா. பைப்பத்தான் யாரோ எடுத்துட்டுப் போயிட்டானுவ."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

சரி என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு வார்டுக் கூட்டம் நடந்தது. ஜெயன் பேசினான், கார் வைத்திருக்கிற இன்னும் நாலு பேர் பேசினார்கள். அக்கா படத்தை விரித்தார். எழுந்து, எண்ணிக்கை சொன்னார்: நூற்று முப்பத்தொன்று இருந்தது நாற்பதுக்கு இறங்கிவிட்டது, பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கவுன்சிலர் இரண்டு பக்கமும் சாய முடியாமல் தலையைச் சொறிந்துவிட்டு, சாவி வைத்திருக்கிற ஆள் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

எல்லாரும் திரும்பினார்கள். குழாய் என்னிடம் இருக்கிறது, நான்தான் எடுத்தேன், நாளைக் காலையில் குழியைக் கொத்தித் திரும்ப நாட்டிவிடுகிறேன் என்று சொன்னால் போதும், முடிந்தது காரியம். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக அல்ல, எண்ணிக்கை முடியக் காத்திருக்கிற மாதிரி. நான் எழுந்து நின்றேன்.

"எல்லாருக்கும் எதுவோ, அதுதான் எனக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா படத்தைச் சுருட்டினார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது அருவிக்குப் போகிற ஒரு கார் ஹாரன் அடித்து ஒட்டிப் போக, அவர் ஒதுங்கிய இடத்தில் கரை இல்லை. சைக்கிளோடு சானலுக்குள் போனார். கார்க்காரர்களே இறங்கித் தூக்கி, அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்ல பிள்ளைகள். இடுப்பில் எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து வாக்கரில் நடக்க ஆரம்பித்தார். ஆனால் ஆயிரம் சுற்றுக்குள் வைத்திருந்த அவருடைய ஊர் முழுக்க அவருக்குத் தூரமாகிவிட்டது. சந்தைக்கு ஆட்டோ, ஆபீஸுக்கு ஆட்டோ, சபைக்கு ஆட்டோ. ரிட்டயர்மென்டுக்கு முன்னாலேயே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணன் கார் கொண்டுவந்து கூட்டிப்போனார். சாமான் எல்லாம் அந்த ஒரே காரின் டிக்கியில் அடங்கியது. சைக்கிளை மட்டும் எங்கள் மகளுக்குக் கொடுத்தார். அவள் அதற்குள் ஸ்கூல் வேனில் போகத் தொடங்கியிருந்தாள்.

மூன்று வருஷம் நான் போய்ப் பார்க்கவில்லை. போகவேண்டும் என்று நினைப்பேன், அடுத்த வாரம் ஆகட்டும் என்று தள்ளிப் போடுவேன். கடைசியில் அஜிதாதான், நீங்கள் போகாவிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்று பஸ் ஏற்றிவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

அண்ணன் வீட்டில் இரண்டாவது மாடி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து, தலை முழுக்க நரைத்து. மகள் எத்தனாம் கிளாஸ், அஜிதாவுக்கு இழுப்பு எப்படி என்று கேட்டார். வந்த காரியத்தை விட்டு மற்றதெல்லாம் சொன்னேன். அவரே கேட்டார்.

"அந்த ரெண்டு பைப்பும் எங்க வச்சிருக்க?"

"ஷீட்டுக் கொட்டகையில" என்றேன்.

"உனக்க வேலியோரத்துல புல்லு ரெண்டு கோடா மஞ்சளாக் கெடந்துது. ஒவ்வொண்ணும் நாலடி. அத பாத்துட்டுத்தான் உன்ட்ட தாக்கோல் கேட்டேன்."

"பின்ன ஏன் அக்கா அண்ணைக்குக் கூட்டத்துல சொல்லல்ல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன் மக்கா."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். காப்பி வந்தது. குடித்தோம். நான் எழுந்தபோது, இப்போது காலையில் கரைமேல் எத்தனை சைக்கிள் போகிறது என்று கேட்டார். நான் எண்ணியதில்லை என்றேன்.

"ஒரு நாள் எண்ணிட்டு போன் பண்ணு. கூட்டிச் சொல்லாத, கேட்டியா. உள்ளதச் சொல்லு."

அடுத்த நாளே பால்வெட்டை முடித்துக்கொண்டு வந்து, அவர் இருந்த வீட்டுக்கு எதிரே ஒன்பது மணி வரை நின்றேன். கார்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாக எண்ணினேன். வந்த எண்ணிக்கையை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் கூடுமோ என்று மறுநாளும் எண்ணினேன். அது மழை நாள். பிறகு பள்ளிக்கூடம் லீவு, லீவு நாளில் எண்ணுவது நியாயமில்லை, திறக்கட்டும் என்று விட்டேன். திறந்த பிறகு எண்ணினேன். பெரிய வித்தியாசமில்லை. அவர் மனம் நோகுமே, குறைந்தது இருபது வரைக்குமாவது ஆகட்டும், நல்ல நாள் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். அப்படி மூன்று வாரம்.

போன் செய்தபோது அவர் நம்பரில் அண்ணன்தான் பேசினார். வியாழக்கிழமை அடக்கம் முடிந்துவிட்டது என்றார். தூக்கத்தில் போயிருக்கிறார். நான் யார் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தங்கை ஒரு போன் வரும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

"நீங்கதானா அது? என்ன காரியம்?"

ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடப் பார்த்தேன்.

"ஒம்பது" என்றேன்.

"என்ன ஒம்பது?"

"சைக்கிளு, சாறே. காலைல கரை வழியாப் போறது. எனக்கதையும் சேத்து."